புது மீன் தொட்டி: போர்த் தண்ணியா, ஆர்ஓ தண்ணியா? பிஎச் இறங்கவே மாட்டேங்குது

லாஸ்பேட்டை மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். புதுசா 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல தொட்டி வாங்கியிருக்கேன். ஜல்லி, கல்லு போக 100 லிட்டர் தண்ணி பிடிக்குது. ரெண்டு ஸ்பாஞ்ச் பில்டர் ஓடுது. மீன் இன்னும் விடல, தண்ணியைச் சரி பண்ணிட்டு விடலாம்னு இருக்கேன்.

வீட்டுல மூணு தண்ணி இருக்கு. காலையில வர்ற பொதுப்பணித்துறை குழாய்த் தண்ணி, வீட்டு போர், குடிக்கிற ஆர்ஓ. இப்ப தொட்டியில இருக்கிறது போர்த் தண்ணி. பிடிச்ச உடனே பார்த்தா பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற எண்) 7. மறுநாள் 8ஐத் தாண்டிடுச்சு. தொட்டி வாங்கின கடையில 'பிஎச் டவுன்' பாட்டில் கொடுத்தாங்க. ஊத்தினா இறங்குது, விடிஞ்சா பழைய இடத்துக்கே வந்துடுது. நியான் டெட்ராவும் ஏஞ்சலும் வளர்க்கணும்னு ஆசை. அதுக்கு 6.8 வேணும்னு கடைக்காரர் சொல்றார். எப்படி இறக்கறது?

முதுநகர் கப்பி:
தம்பி, முதல்ல அந்த பாட்டிலை எடுத்து அலமாரியில வைங்க. பிஎச்சை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் புரியாது. கேஎச் (பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற பைகார்பனேட்) எவ்வளவு, ஜிஎச் (கால்சியம், மெக்னீசியத்தால வர்ற கடினத்தன்மை) எவ்வளவு? சொட்டு சொட்டா விட்டு எண்ணிப் பார்க்கிற கிட் இருக்கு, அதுல மூணு தண்ணியையும் பார்த்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் தொட்டியில எதையும் கலக்காதீங்க.

வில்லியனூர் கெமிஸ்ட்ரி டீச்சர்:
பிஎச் ஏறுவதற்கு உங்கள் தொட்டி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நிலத்தடி நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் வாயு அந்த நீரிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. மோட்டார் போட்டு மேலே கொண்டுவந்து, ஏர் பம்ப் காற்றும் பட்டால் வாயு வெளியேறும், பிஎச் ஏறும். ஆகவே பிடித்தவுடன் காட்டிய 7ஐ நம்ப வேண்டாம். மறுநாள் காட்டிய 8தான் அந்தத் தண்ணீருக்கு உரிய பிஎச்.

சந்தேகம் இருந்தால் ஒரு வாளியில் போர்த் தண்ணீர் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். வாளியிலும் தொட்டியிலும் ஒரே எண் வந்தால் ஜல்லி மேல் குற்றமில்லை. தொட்டியில் மட்டும் அதிகமாக இருந்தால் ஜல்லியிலோ கல்லிலோ சுண்ணாம்பு இருக்கிறது. உலர்ந்த ஜல்லி மேல் வினிகர் நாலு சொட்டு விடுங்கள், சுண்ணாம்பு இருந்தால் பொங்கும்.

அடுத்தது அந்த பாட்டில். அதில் இருப்பது ஏதோ ஓர் அமிலம் அல்லது அமிலத்தன்மை உள்ள உப்பு. அது விழுந்ததும் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அதோடு வினைபுரிந்து கரியமில வாயுவாகிவிடும். அந்த வாயு தண்ணீரில் இருக்கும் வரை பிஎச் கீழே நிற்கும். இரவு முழுக்க காற்று ஓடி வாயு போனதும் மேலே வந்துவிடும். இதைத்தான் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பைகார்பனேட்டில் ஒரு பங்கு செலவாகிறது. தொடர்ந்து ஊற்றினால் ஒருநாள் அது தீர்ந்துபோய், தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் பிஎச் ஒரே மூச்சில் விழும். மீன்களைக் கொல்வது அந்தத் திடீர் வீழ்ச்சி. 8 என்ற எண் பெரும்பாலான மீன்களை ஒன்றும் செய்யாது.

லாஸ்பேட்டை மாடிவீடு:
நன்றி டீச்சர். வாளியிலயும் 8.2, தொட்டியிலயும் 8.2. ஜல்லியில வினிகர் விட்டேன், பொங்கல.

கிட் வாங்கிப் பார்த்தது:
போர்: கேஎச் 11, ஜிஎச் 14, டிடிஎஸ் (மொத்தமா கரைஞ்சிருக்கிற உப்பு) 520.
குழாய்த் தண்ணி: கேஎச் 9, ஜிஎச் 11, டிடிஎஸ் 410.
ஆர்ஓ: கேஎச் 1, ஜிஎச் 1, டிடிஎஸ் 40.

அப்ப பேசாம முழுசா ஆர்ஓ ஊத்திடலாமா? டெட்ராவுக்கு மெல்லிய (கேஎச், ஜிஎச் குறைஞ்ச) தண்ணிதானே நல்லதுன்னு எல்லாரும் எழுதறாங்க.

முத்தியால்பேட்டை ஆறடி:
ஊத்தலாம் பாஸ். என் நண்பர் ஒருத்தர் முழு ஆர்ஓவுலதான் டிஸ்கஸ் மீன் வெச்சிருக்கார்.

முதுநகர் கப்பி:
உங்க நண்பர் அதுல தாது உப்பு ஏதும் கலக்காமயா விடறார்? கேட்டுப் பாருங்க. வெறும் ஆர்ஓவை ஊத்தி புதுத் தொட்டியை ஆரம்பிக்கறதுதான் நான் பார்த்ததுலயே அதிகம் கெட்டுப்போற வழி. டீச்சர், அந்தக் கணக்கை இவங்களுக்குச் சொல்லுங்க.

வில்லியனூர் கெமிஸ்ட்ரி டீச்சர்:
சொல்கிறேன். தொட்டி பதப்படுவது என்று எல்லோரும் சொல்வதன் உள்ளே நடப்பது இதுதான். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். பழைய பாடப்புத்தகங்களில் இரண்டாவது வேலைக்கு நைட்ரோபேக்டர் என்று இருக்கும். நன்னீர் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று பின்னால் தெரியவந்தது. அந்தக் குடும்பத்திலேயே இரண்டு வேலையையும் தனியாளாகச் செய்யும் பாக்டீரியா இருப்பதை 2015இல் கண்டுபிடித்தார்கள்.

இந்த வேலை நடக்கும்போது அமிலம் வெளிவருகிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மை செலவாகும். கேஎச் 1 டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். உங்கள் ஆர்ஓவில் இருப்பது அவ்வளவுதான். ஆக லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் நைட்ரஜன் மாறினாலே கையிருப்பு காலி. பிறகு பிஎச் 6க்கும் கீழே போகும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா அப்படியே தேங்கும். வெளியில் இருந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அதன் பிறகு வருவதுதான் இன்னும் மோசம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது. அம்மோனியம் அயனி மீனை அவ்வளவாகப் பாதிக்காது, அயனியாகாத அம்மோனியா நஞ்சு. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7இல் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது, 0.8 சதவீதம்தான். பிஎச் 8இல் அதுவே 7.5 சதவீதம். அமிலமாகிப்போன தொட்டியில் அம்மோனியா ஏறிக் கிடக்கும், மீனும் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பழசாகிவிட்டதே என்று பாதியை எடுத்துவிட்டு கேஎச் 11 உள்ள போர்த் தண்ணீரை ஊற்றினால் பிஎச் சில நிமிடங்களில் ஏறும். அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாகும். "தண்ணி மாத்தினேன், எல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

முத்தியால்பேட்டை ஆறடி:
இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல டீச்சர். நண்பர்கிட்டயும் கேட்டுட்டேன், அவர் தாது உப்புப் பவுடர் கலந்துதான் விடறாராம்.

முதுநகர் கப்பி:
தம்பி, பாதி போர், பாதி ஆர்ஓ. கேஎச் 6 வரும், ஜிஎச் 7, 8 வரும், டிடிஎஸ் 280 பக்கம் நிக்கும். பிஎச் 7.8 இருந்தாலும் இருக்கட்டும், அதைத் தொடாதீங்க. ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தும்போதும் அதே பாதிக்குப் பாதி. ஒரு வாரம் அப்படி, ஒரு வாரம் இப்படின்னு மாத்தக் கூடாது. மீனுக்கு எண் முக்கியமில்ல, நிலையா இருக்கணும்.

நியானை மறந்துடுங்க. பிஎச்சுக்காகச் சொல்லல. நம்ம ஊருக்கு வர்ற நியான் பெரும்பாலும் பண்ணையில பொறந்து வளர்ந்தது, 7.8ல கூட இருந்துக்கும். அதுக்கு ஆகாதது சூடு. 25 டிகிரிக்கு மேல ஏற ஏறத் திணறும், மே மாசம் மாடி வீட்டுல தண்ணி 33, 34 போகும். போதாக்குறைக்கு ஏஞ்சல் பெருசானா நியானை முழுங்கிடும். ஏஞ்சல் சூட்டைத் தாங்கும், அதை வைங்க. கூட பிளாட்டி விடுங்க.

தேவனாம்பட்டினம் 4வது தெரு:
டிடிஎஸ் மீட்டரை மட்டும் வெச்சுக்கிட்டு முடிவு எடுக்கறவங்களுக்கு ஒரு விஷயம். ஆர்ஓ மெக்கானிக் வந்து குச்சியை முக்கிக் காட்டிட்டுப் போறதால எல்லார் வீட்டுலயும் இப்ப அந்த மீட்டர்தான் இருக்கு. எங்க தெருவு கடல்ல இருந்து நடந்து போற தூரம். போர்த் தண்ணி டிடிஎஸ் 1400. ஆனா கேஎச் 8தான், ஜிஎச் 15. மீதியெல்லாம் சாதா உப்பு. மீட்டர் மொத்தமா எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு சொல்லும், என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. சாஃப்ட்னர் மாட்டின வீட்டுலயும் இப்படித்தான். கால்சியம் போய் அந்த இடத்துல சோடியம் வந்திருக்கும், டிடிஎஸ் அதே எண்ணைக் காட்டும்.

இதே தண்ணியில மோலியும் கப்பியும் குட்டி போட்டுத் தள்ளுது. ஏஞ்சல் வைக்க ஆசைப்பட்டா நானும் ஆர்ஓ கலந்துதான் ஆகணும், அதனால வைக்கல. ஊத்துற தண்ணிக்கு ஏத்த மீனை எடுத்துட்டா பாதி வேலை குறையும்.

நெய்வேலி வட்டம் 20:
எங்க பக்கம் எல்லாம் தலைகீழ். என் வீட்டு போர்த் தண்ணி மெல்லிசு, கேஎச் 2தான் வருது. அதோட இரும்பு வேற. வாளியில பிடிச்சு வெச்சா காலையில அடியில செங்கல் நிறத்துல வண்டல் நிக்கும். அப்படியே தொட்டியில விட்டா மீனோட செவுள்ல அந்த இரும்பு படியும். நான் டிரம்முல பிடிச்சு, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி ஓடவிட்டு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் மேலாக வேட்டித் துணியில வடிச்சு ஊத்தறேன்.

கேஎச்சுக்கு கிளிஞ்சல்தான். கடலூர் சில்வர் பீச்சுல பொறுக்கினதை நல்லா கொதிக்க வெச்சு, கல்யாணத்துக்குப் பாக்கு போட்டுத் தர்ற வலைப்பை இருக்குல்ல, அதுல ஒரு கைப்பிடி கட்டி பில்டர் பக்கத்துல தொங்கவிட்டிருக்கேன். கேஎச் 4லயே நிக்குது. இது சரியான முறைதானா டீச்சர்? கடல் சிப்பியைத் தொட்டியில போடவே கூடாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

வில்லியனூர் கெமிஸ்ட்ரி டீச்சர்:
உங்கள் தண்ணீருக்குச் சரியான முறை. கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். அமிலம் சேரும்போது கரையும், பிஎச் ஏறிவிட்டால் கரைவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே மெல்லிய தண்ணீரில் அது தானாகவே தேவைக்கு ஏற்ப வேலை செய்யும். கூடாது என்று சொல்கிறவர்களும் தவறாகச் சொல்லவில்லை. டெட்ராவுக்காக ஆர்ஓ கலந்து மெல்லிசாக்கிய தொட்டியில் அழகுக்காகச் சிப்பியைப் பரப்பினால் செய்த வேலை வீணாகும். லாஸ்பேட்டைக்காரருக்குக் கேஎச் 6 இருக்கிறது, அவருக்குக் கிளிஞ்சல் வேண்டியதில்லை.

அப்படியே இன்னொன்று. வாதாம் இலையைப் போட்டால் பிஎச் இறங்கும் என்ற பேச்சும் அதிகம் உலவுகிறது. புதுச்சேரி தெருக்களில் கொட்டிக் கிடக்கும் இலைதான். மெல்லிய தண்ணீரில் சற்று இறக்கும். கேஎச் 11இல் தண்ணீர் டீ நிறமாகும், பிஎச் அசையாது. பைட்டர் மீனுக்கு அந்த நிறம் பிடிக்கும் என்பதற்காகப் போடுவது வேறு விஷயம்.

லாஸ்பேட்டை மாடிவீடு:
தொட்டியைக் காலி பண்ணி பாதிக்குப் பாதி ஊத்திட்டேன். கேஎச் 6, பிஎச் 7.8. நியான் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். இனி பாக்டீரியா வளர்க்கிற வேலை. கடையில ஒரு வாரம் தண்ணி ஓடட்டும், அப்புறம் மீன் விடுங்கன்னாங்க. வெறும் தண்ணி ஓடினா போதுமா?

முதுநகர் கப்பி:
வெறும் தண்ணி ஒரு மாசம் ஓடினாலும் ஒண்ணும் வளராது. பாக்டீரியாவுக்குத் தின்ன அம்மோனியா வேணும். எங்க காலத்துல ரெண்டு மோலியை விட்டு, தீனியைக் குறைச்சு, தண்ணியை அடிக்கடி மாத்தி மாத்தி அப்படியே பழக்குவோம். சிமெண்ட் தொட்டியில இன்னிக்கும் நான் அதைத்தான் செய்யறேன். ரெண்டு மோலி போதும், பிழைச்சுக்கும்.

நெய்வேலி வட்டம் 20:
அண்ணே, உங்க சிமெண்ட் தொட்டியில பாசி இருக்கு, வெயில் படுது, 500 லிட்டர் தண்ணி இருக்கு. பாசியே பாதி அம்மோனியாவைத் தின்னுடும். 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியில, பிஎச் 7.8ல, இந்த வெயில்ல அந்த ரெண்டு மோலிக்குச் செவுள் வெந்து போகும். பிழைச்சாலும் செவுள் கெட்டதுதான். மீன் இல்லாமயே பழக்க வழி இருக்கும்போது எதுக்கு அதுங்களை வதைக்கணும்?

முதுநகர் கப்பி:
நீங்க சொல்ற நியாயம் புரியுது. மீன் இல்லாம பழக்கறதுன்னா நவச்சாரம் போடுவாங்களே, அதானே? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வாங்குவோம், நாட்டு மருந்துக் கடையில கட்டியா கிடைக்கும்.

வில்லியனூர் கெமிஸ்ட்ரி டீச்சர்:
அதே அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் ஈயம் பூச விற்கும் கட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வகத்துக்கு ரசாயனம் விற்கும் கடைகளில் சுத்தமானது சின்ன பாட்டிலாகவே கிடைக்கும்.

அளவு: 6.3 கிராமை 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வையுங்கள். அதில் 10 மில்லி எடுத்து 100 லிட்டர் தொட்டியில் விட்டால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். பாட்டில் மேல் பெயரெழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 2 பிபிஎம்மைத் தாண்ட வேண்டாம். 5, 6 என்று ஏற்றினால் பாக்டீரியாவே மந்தமாகும். அம்மோனியா 0 ஆன பிறகு அடுத்த 10 மில்லி, அதற்கு முன் வேண்டாம். 28லிருந்து 30 டிகிரி வரை பாக்டீரியாவுக்கு நல்ல சூடு, அந்த வகையில் நம் ஊர் வெயில் உங்களுக்குச் சாதகம்.

முத்தியால்பேட்டை ஆறடி:
லாஸ்பேட்டை பாஸ், என் ஆறடி தொட்டியில ரெண்டு வருஷமா ஓடுற ஸ்பாஞ்ச் ஒண்ணு இருக்கு. வந்து வாங்கிக்கோங்க. என் தொட்டியில புது மீன் விட்டு ரொம்ப நாளாச்சு, வியாதி ஏதும் இல்ல. அதை உங்க பில்டர் பக்கத்துல போட்டா வாரக் கணக்குல ஆகிற வேலை சீக்கிரம் முடியும். எடுத்துட்டுப் போகும்போது மூடின டப்பாவுல தண்ணி நிறைய ஊத்தி அடைச்சு வைக்காதீங்க, உள்ள இருக்கிற காத்து தீர்ந்து பாக்டீரியா செத்துடும். ஈரத்தோட பையில போட்டு, வாயைத் திறந்தாப்புல வெச்சு, வெயில் படாம கொண்டு போங்க. குழாய்த் தண்ணியில மட்டும் கழுவிடாதீங்க, க்ளோரின் எல்லாத்தையும் கொன்னுடும்.

லாஸ்பேட்டை மாடிவீடு:
ரொம்ப நன்றிங்க. சாயங்காலமே வர்றேன்.

லாஸ்பேட்டை மாடிவீடு (சில வாரம் கழித்து):
ஸ்பாஞ்ச் போட்டதும் அம்மோனியா ரெண்டே நாள்ல 0 ஆக ஆரம்பிச்சுது. 0 ஆனதும் 10 மில்லி, மறுபடி 0 ஆனதும் 10 மில்லின்னு விட்டுக்கிட்டே வர்றேன். ஆனா நைட்ரைட் கிட்டுல சோதனைக் குழாய் கரு ஊதா நிறத்துலயே நிக்குது. அட்டையில கடைசி நிறம் 5 பிபிஎம், அதைவிட அடர்த்தி. நாளுக்கு நாள் குறையற மாதிரியே தெரியல. எங்கயாவது தப்பு நடக்குதா?

வில்லியனூர் கெமிஸ்ட்ரி டீச்சர்:
தவறு எதுவும் இல்லை, கணக்குப் போட்டால் விளங்கிவிடும். 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் நைட்ரைட் ஆனால் 5.4 பிபிஎம் நைட்ரைட் வரும். எடை கூடுவது ஆக்சிஜன் சேர்வதால். ஒரு 10 மில்லிக்கே அட்டையின் கடைசி நிறத்தைத் தாண்டிவிடும். நீங்கள் பல முறை விட்டிருக்கிறீர்கள், இரண்டாவது பாக்டீரியா இன்னும் போதுமான அளவு பெருகவில்லை. அது எப்போதுமே முதல் வகைக்குப் பின்னால்தான் வரும். உள்ளே 20 இருந்தாலும் 10 இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு ஒரே ஊதாதான் தெரியும், அதனால்தான் குறைவது தெரியவில்லை.

தொட்டித் தண்ணீர் 1 பங்கு, ஆர்ஓ 9 பங்கு கலந்து அதைச் சோதியுங்கள், வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். பிறகு அம்மோனியா விடுவதை நிறுத்திவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் ஜல்லியிலும் ஒட்டியிருக்கிறது, தண்ணீரோடு போய்விடாது. கேஎச்சையும் பாருங்கள், இத்தனை முறை அம்மோனியா விட்டதில் அது நிச்சயம் குறைந்திருக்கும்.

லாஸ்பேட்டை மாடிவீடு:
நீங்க சொன்ன மாதிரியே கலந்து பார்த்தேன், 20 பிபிஎம் காட்டுது. கேஎச் 6ல இருந்து 3க்கு வந்திருக்கு! பிஎச் 7.4. இதைப் பார்த்ததும்தான் முழு ஆர்ஓ ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு புரியுது. பாதித் தண்ணி மாத்திட்டேன்.

தேவனாம்பட்டினம் 4வது தெரு:
இதே நைட்ரைட் கட்டத்துல ஏற்கெனவே மீன் விட்டுட்டுத் தவிக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்காக எழுதறேன். நைட்ரைட் செவுள் வழியா ரத்தத்துல ஏறி, ரத்தத்தைப் பழுப்பாக்கிடும். தண்ணியில காத்து இருந்தும் மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். குளோரைடு இருந்தா அதுவும் அதே வழியில போட்டி போட்டு நுழையறதால நைட்ரைட் உள்ள போறது குறையும். 10 லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு, கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா விட்டா போதும். மரக்காணம் உப்பளத்து உப்பு எங்க பக்கத்துக் கடையிலயே கிடைக்குது. அயோடின் உப்பு ஆகாதுன்னு பயப்படவும் வேண்டாம், அதுல இருக்கிற அயோடின் இந்த அளவுக்கு ஒண்ணும் செய்யாது. உப்பு போட்டாலும் தண்ணி மாத்தறதை நிறுத்தக் கூடாது.

லாஸ்பேட்டை மாடிவீடு (பத்து நாள் போல கழித்து):
நேத்து ராத்திரி 10 மில்லி விட்டேன். இன்னிக்கு ராத்திரி அம்மோனியா 0, நைட்ரைட் 0. ரெண்டு தடவை பார்த்துட்டேன். நைட்ரேட் 80 காட்டுது. மீன் விடலாமா?

முதுநகர் கப்பி:
விடலாம் தம்பி! முதல்ல முக்கால்வாசி தண்ணியை மாத்துங்க, நைட்ரேட் 20 பக்கம் வரட்டும். நைட்ரேட் கிட்டுல ரெண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் நல்லா குலுக்கிட்டுத்தான் விடணும், அது அடியில தங்கிடும். குலுக்காம விட்டா குறைச்சுக் காட்டும்.

முதல்ல நாலு பிளாட்டி. அது பழகி, அம்மோனியா ரெண்டு வாரம் 0லயே நின்னதும் சின்ன ஏஞ்சல் ரெண்டு. தீனி ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுக்கு மேல போடாதீங்க. வாரத்துக்கு 30 லிட்டர் மாத்துங்க, 15 போர், 15 ஆர்ஓ, ஒரு நாள் முன்னாடியே டிரம்முல கலந்து ஏர் ஓடவிட்டு.

நெய்வேலி வட்டம் 20:
பையில இருந்து மீனை விடறதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. நம்ம கடைகளுக்கு மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூர்ல இருந்து ஆக்சிஜன் பையில ராத்திரியெல்லாம் வருது. பை மூடியிருக்கும்போது மீன் விட்ட கரியமில வாயு உள்ளேயே இருக்கும், பிஎச் இறங்கியிருக்கும், அம்மோனியா ஏறியிருந்தாலும் அடங்கியிருக்கும். பையைத் திறந்தா வாயு போகும், பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாகும். டீச்சர் மேல சொன்ன அதே கணக்கு. நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் டம்ளர் டம்ளரா தண்ணி சேர்க்கறது அந்த மீனுக்குக் கேடு. மூடின பையை அப்படியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு சூட்டை மட்டும் சமமாக்குங்க. அப்புறம் திறந்து, வலையில மீனை மட்டும் எடுத்து உடனே விடுங்க. பைத் தண்ணி சாக்கடைக்கு.

கடையில ரெண்டு நாளாவது அங்கத்துத் தண்ணியில பழகின மீன்னா நல்லது. அந்தக் கடைத் தொட்டி டிடிஎஸ்ஸும் உங்க தொட்டி டிடிஎஸ்ஸும் ரொம்பத் தூரம் இருந்தா மட்டும் தொட்டித் தண்ணியை மெதுவா சொட்டு சொட்டா சேர்த்துப் பழக்கணும்.

லாஸ்பேட்டை மாடிவீடு:
பிளாட்டி நாலும் விட்டாச்சு. விட்ட அரை மணி நேரத்துல ஜல்லியைக் கொத்த ஆரம்பிச்சிடுச்சு. வயித்துப் பக்கம் கருத்து ஒண்ணு பெருத்து இருக்கு, சினையா இருக்கும்னு நினைக்கறேன்.

கடைசியா ஒரு கேள்வி. மழைக்காலம் வருது. 2024 ஃபெஞ்சல் புயல் அப்ப எங்க தெருவுல கரண்ட் இல்லாம கிடந்தோம். அப்படி ஆனா தொட்டியை என்ன பண்றது? அப்ப வர்ற குழாய்த் தண்ணியை நம்பலாமா?

முதுநகர் கப்பி:
2011 டிசம்பர்ல 'தானே' புயல் கடலூரைப் போட்டுப் புரட்டினப்ப பல நாள் கரண்ட் கிடையாது. சிமெண்ட் தொட்டி மீனெல்லாம் தப்பிச்சுது, தண்ணியோட மேல்பரப்பு அகலம், மீனும் குறைச்சல். கண்ணாடித் தொட்டிக்கு பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு இப்பவே வாங்கி வைங்க, அதை ஸ்பாஞ்ச் பில்டருக்கே மாட்டிடுங்க. மீனுக்குக் காத்தும் ஆச்சு, பாக்டீரியாவுக்குக் காத்தும் ஆச்சு. சாதா ஏர் பம்ப் சில வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் இருந்தா அதுலயே ஓட்டலாம். கரண்ட் வர்ற வரைக்கும் தீனி போடாதீங்க. நல்லா இருக்கிற மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும், ஒண்ணும் ஆகாது. தின்னாத்தான் அம்மோனியா.

கேனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே நிக்கிற மூடின டப்பா பில்டர்) வெச்சிருக்கிறவங்க கவனிக்க: பல மணி நேரம் நின்னுபோன கேனிஸ்டரை கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ள காத்து இல்லாம அழுகின தண்ணி மொத்தமா தொட்டிக்குள்ள வரும். திறந்து, அந்தத் தண்ணியைக் கொட்டி, தொட்டித் தண்ணியில அலசிட்டு மாட்டுங்க.

வில்லியனூர் கெமிஸ்ட்ரி டீச்சர்:
வெள்ளத்துக்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வழக்கத்தைவிட அதிகம் போடுவார்கள், போடத்தான் வேண்டும். அந்த நாட்களில் மூக்கை நம்பாதீர்கள். சோடியம் தயோசல்பேட், கடையில் ஹைப்போ என்று கேட்டால் படிகமாகக் கொடுப்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் க்ளோரின் இருக்கும் 100 லிட்டருக்கு 0.7 கிராம் போதும், 2 மில்லிகிராம் என்றால் 1.4 கிராம். சற்றுக் கூடினாலும் மீனுக்குக் கேடில்லை. புயல் முடிந்த வாரத்தில் கேஎச்சையும் ஒருமுறை பாருங்கள், மழைநீர் கலந்தால் உங்கள் போர் எண்கள் மாறியிருக்கலாம். மாறியிருந்தால் பாதிக்குப் பாதி என்ற அளவையும் அதற்கேற்ப மாற்றிக் கேஎச் 6க்குக் கொண்டுவந்து, க்ளோரின் கிட்டில் நிறம் வரவில்லை என்பதையும் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.